சாமிக்கு வேர்த்த சித்திரை

என் தங்கை கவிநிலாவின் மோதிரம் வெளுத்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறியிருப்பேன்.

புரட்டாசி கடைசி ஞாயிறு. அவளுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி அவள் புருஷன் வல்லரசு எலுமிச்சை சோடாவும் இளநீரும் விற்கிறான். கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் கீழ்பென்னாத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பொறுமை கம்மி. பிள்ளைகள் எனக்கு 'ஆசிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

சாம்பார் ஊற்றும்போது அவள் கையைப் பார்த்தேன். கல்யாண மோதிரத்தின் உட்பக்கம் தங்கமாகவே இருந்தது. வெளிப்பக்கம் பாதிக்கு வெள்ளி பூசியது போல இருந்தது.

"என்னடி இது?"

அவள் மோதிரத்தை மறைக்கவில்லை. பெருமையாக விரலை நீட்டிக் காட்டினாள்.

"சாமி சாப்பிட்டுச்சுக்கா. உண்மையான ரசலிங்கம் தங்கத்தைச் சாப்பிடுமாம். போலியா இருந்தா சும்மா இருக்குமாம்."

"எந்த சாமி?"

"எங்க வீட்டு சாமி. நீதான் சாமி ரூமுக்குள்ள வர்றதே இல்லையே."

அது உண்மை. எட்டு மாதமாக அந்த லிங்கம் அங்கே இருந்திருக்கிறது. மாதம் ஒருமுறை அங்கே போகிற நான் கூடத்தோடு திரும்பியிருக்கிறேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்கு ஒரு சாண் தள்ளி, பித்தளைத் தட்டில், கட்டைவிரல் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

கவிநிலா பின்னால் வந்து நின்று சொன்னாள். தினமும் காலையில் வெதுவெதுப்பான பாலில் அபிஷேகம், அந்தப் பாலில் ஒரு வாய் அவளுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஜபம். "சித்திரையில சாமிக்கு வேர்த்துச்சுக்கா. முத்து முத்தா. நான் கையாலயே தொடச்சேன். அடுத்த மாசமே எனக்குத் தள்ளிப்போச்சு. போன வாரம் வெயில் ஜாஸ்தியா இருந்துச்சே, அன்னைக்கும் வேர்த்துச்சு. அப்பதான் மோதிரம் வெளுத்துச்சு."

ரசலிங்கம் என்றால் பாதரசத்தை வெள்ளியோடு அரைத்துக் கெட்டியாக்கிச் செய்வது.

பாதரசத்தைப் பற்றிப் பதினெட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். அது தன் எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் உலோகம். தன் அணுக்களோடுகூட அரைமனதாகத்தான் ஒட்டியிருக்கும். அதனால்தான் உலோகமாக இருந்தும் தண்ணீராய் ஓடுகிறது. தங்கம், வெள்ளி, செம்பு எதைக் கண்டாலும் உள்ளே புகுந்து கலந்துவிடும். இரசக்கலவை என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஒரு மதிப்பெண் கேள்வி. இரும்போடு சேராது. ஆனால் கலப்பது வேறு, விடாமல் பிடித்து வைத்திருப்பது வேறு. வெள்ளி போதாத கலவையில் மிச்சப் பாதரசம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். சூடு பட்டால் வெளியே கசியும். அதுதான் அந்த வேர்வை. கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகவும் போகும். பாலில் குடித்தது கூடப் பெரிய ஆபத்தில்லை, வயிறு அதை அவ்வளவாக ஏற்றுக்கொள்ளாது. மூச்சில் போவதுதான் ரத்தத்தில் கலக்கும், பிள்ளைக்கும் போகும். இவள் எட்டு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டிருக்கிறாள். தங்கம் வெளுத்தது உண்மையான சாமி என்பதற்கு அத்தாட்சி என்கிறாள். அது கட்டுப்படாத பாதரசம் மேலேயே இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

இதையெல்லாம் நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் எங்கே நிதானமாகச் சொன்னேன்? "படிச்சவதானே நீ, பி.காம். எதுக்குப் படிச்ச?" என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"ஏழு வருஷம் எங்க போயிருந்துச்சு உன் கெமிஸ்ட்ரி?" என்றாள் கவிநிலா. குரல் உயரவில்லை. "வேலூருக்கும் சென்னைக்கும் அலைஞ்சப்ப எங்க போயிருந்துச்சு? இந்த சாமி வந்து மூணாம் மாசம் எனக்குத் தங்குச்சு. இதை எடுத்தா என் புள்ள போயிடும். நீ எடுக்கச் சொல்ற."

அவள் மாமியார் எல்லம்மாள் கூடத்திலிருந்தே பேசினாள். "விடு கவி. உங்க அக்காவுக்கு இரும்பு மனசு. எதுவும் ஒட்டாது. அவங்களுக்கு என்னா தெரியும் புள்ள அருமை."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, அதை அங்கே காட்டவில்லை. "யார் குடுத்தாங்க இதை?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆசிரமத்துப் பக்கம் ருத்ராட்சக் கடை வச்சிருக்கார்ல, காசி சாமி. அவர் பொண்ணு உன் கிளாஸ்தானாம். டீச்சர் தங்கச்சியான்னு கேட்டுட்டு சும்மாவே குடுத்தாரு."

காசியை எனக்குத் தெரியும். அவருக்குப் பாதரசம் எங்கிருந்து வந்தது என்றும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பழைய காற்றழுத்தமானி விழுந்து உடைந்தது. தரையெல்லாம் பாதரச மணிகள் ஓடின. போஸ்ட் கார்டால் வாரி ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் சேர்த்தேன். கிலோவுக்கு மேல் இருந்தது. தலைமையாசிரியை எப்படியாவது அப்புறப்படுத்து என்றார். ஒரு ஆபீஸில் கேட்டால் இன்னொரு ஆபீஸைக் கை காட்டினார்கள். ஆறு மாதம் அந்த பாட்டில் என் அலமாரியில் இருந்தது. மகளின் ராங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்த காசி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "குடுங்க டீச்சர். ரசத்தைக் கட்டிட்டா விஷம் போயிடும்."

நானும் ஒத்துக்கொண்டேன். வெள்ளியோடு சேர்ந்து கெட்டியானால் பல்லில் அடைக்கிற சிமெண்ட் மாதிரிதானே, ஒழுகுகிற பாட்டிலைவிடப் பரவாயில்லை என்று என் படிப்பை வைத்தே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வெள்ளி போடுவீர்கள் என்று கேட்கவில்லை. "எங்கேர்ந்து வந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, எனக்கு மெமோ வந்துடும்" என்று மட்டும் சொன்னேன். அவர் சொல்லவில்லை. என் தங்கையிடமும் சொல்லவில்லை.

சோற்றில் கை வைக்காமல் கிளம்பினேன். செங்கம் ரோட்டில் காசி கடையில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் மாலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை நின்றேன்.

"வாங்க டீச்சர், டீ சாப்பிடுங்க" என்று பிளாஸ்கைத் திறந்தார். டம்ளரில் ஊற்றும்போது அவர் கை நடுங்கியது. டீ பாதி மேசையில் சிந்தியது. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார்.

சண்டை போட வந்தவள் வாயை மூடிக்கொண்டேன். இந்த வருஷ ராங்க் கார்டில் அவர் கையெழுத்து ஞாபகம் வந்தது. போன வருஷம் விரிவாக, சுழித்துப் போட்டிருந்தவர், இந்த வருஷம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடியாகப் போட்டிருந்தார். பேனா சரியில்லை போல என்று நினைத்துத் திருப்பிவிட்டிருந்தேன்.

"எத்தனை மாசமா இந்த நடுக்கம்?"

"வயசாவுதுங்க."

"உங்களுக்கு ஐம்பத்திரண்டு. எங்க வச்சு அரைக்கிறீங்க?"

கடைக்குப் பின்னால் இருந்த அறையைக் காட்டினார். காற்று பட்டால் ரசம் கட்டாது என்று ஜன்னலுக்குச் சாக்கு அடைத்திருந்தார். நடுவில் இரும்பு உரல். செம்பு உரலை ரசம் தின்றுவிடும், அதனால் இரும்பு என்றார். சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தார். வெள்ளி எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன அளவு, தேவையானதில் பாதிக்கும் கம்மி. மூலிகைச் சாறு மிச்சத்தைக் கட்டிவிடும் என்று நம்பியிருந்தார். ஏமாற்றுகிற ஆளாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கழுத்திலேயே ஒரு ரசமணி தொங்கியது.

"உங்க ரசத்துல மூணு லிங்கம் செஞ்சேன். ஒண்ணு இங்க இருக்கு. ஒண்ணு வெளிநாட்டுக்காரர் கொண்டுபோயிட்டாரு. நல்லா வந்ததை உங்க தங்கச்சிக்குக் குடுத்தேன். நீங்க குடுத்தது உங்க வீட்டுக்கே போகட்டும்னு தோணுச்சு."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் நடுங்குகிற கையையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கழுத்து மணியைக் கழற்றினார். முடிச்சு அவருக்கு அவிழவில்லை. நான்தான் அவிழ்த்தேன். பரணிலிருந்து ஒரு இரும்புக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். லேத் பட்டறையில் சொல்லிச் செய்தது, வாய் அகன்றது, மரை மூடி போட்டது. மிச்ச ரசம், மணி, கடையில் இருந்த லிங்கம் எல்லாவற்றையும் அதில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி மூடினோம்.

"அந்த வெளிநாட்டுக்காரர் நம்பர் வச்சிருக்கேன். எழுதிப் போட்டுடறேன்" என்றார். "தங்கச்சிகிட்ட என்னா சொல்லுவீங்க டீச்சர்?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. அதைவிட, எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை. காசியின் பெயரைச் சொல்லி, அவர் போலிச் சாமியார் என்று சொல்லி முடித்துவிடலாம். வல்லரசு வந்து அவரை அடிப்பான், லிங்கத்தைத் தூக்கி எறிவான், என் பேச்சே எழாது. ஆட்டோ அடி அண்ணாமலை போகும்வரை மடியில் குப்பியை வைத்துக்கொண்டு இதைத்தான் யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

எல்லம்மாள் கடையில் உட்கார்ந்திருந்தாள். கவிநிலா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அந்த ரசம் என்னோடது கவி."

"என்னா?"

"நான்தான் காசிக்குக் குடுத்தேன். எங்க ஸ்கூல்ல ஒரு கருவி உடைஞ்சுது, அதுல இருந்தது. எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லக்கூடாதுன்னு நான்தான் அவர் வாயை அடைச்சேன்."

மடித்த துணி அவள் கையிலேயே நின்றது. "மலையில கெடச்ச ரசம்னு அத்தை சொன்னாங்களே."

"லேப் தரையில கெடச்சது. போஸ்ட் கார்டால வாரினேன். சாக்பீஸ் தூள் கலந்திருந்துச்சு. ரெண்டு எறும்புகூட இருந்துச்சு." கையிலிருந்த குப்பியைத் தரையில் வைத்தேன். "வெள்ளி பத்தாம செஞ்சிருக்காரு. நான் கேட்டிருக்கணும், கேக்கல. அதைக் கட்ட வேண்டிய அளவு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் அதுதான். அதையே நான் கேக்கல."

அவள் கத்துவாள் என்று தயாராக வந்திருந்தேன். அழுவாள், வெளியே போ என்பாள், எல்லாவற்றுக்கும் தயார். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்ப நீ குடுத்தது" என்றாள்.

"ஆமா."

"நீ குடுத்துதான் எனக்கு இது தங்குச்சு." கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள்.

இதற்கு நான் தயாராக வரவில்லை. இல்லை கவி, பாதரசத்துக்கும் கரு தங்குவதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, இது வெறும் தற்செயல் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கண்ணில் என் மேல் கோபமே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தப்பான விடையைத் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான்.

"நான் குடுத்ததுன்னா, நான் திருப்பிக் கேட்டா தருவியா?"

அவள் எழுந்து போனாள். தட்டோடு எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பாத்ரூமுக்குப் போய்க் கையை நன்றாகக் கழுவினாள். விரல் வீங்கியிருந்ததால் மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டுத் திருகித் திருகி எடுத்தாள். அதையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"மோதிரத்தை வேணா பத்தர்கிட்ட சூடு பண்ணித் தரச் சொல்லட்டா? வெளுப்பு போயிடுமாம், அத்தை சொன்னாங்க."

"போயிடும். எங்க போகும்? அவர் மூச்சுக்குள்ள போகும்."

அவள் வேறு பேசாமல் மோதிரத்தைக் குப்பிக்குள் போட்டாள். டங்கென்று சத்தம் கேட்டது. லிங்கத்தை அவளே இரண்டு கையாலும் எடுத்துப் போட வந்தாள். தொடாதே என்று தடுத்து, ஒரு காகிதத்தால் நான் எடுத்துப் போட்டேன்.

"இரும்புல ஏன்க்கா?"

"இரும்போட ரசம் ஒட்டாது. அதனால இரும்பைத் தின்னாது. உள்ளயே இருக்கும்."

"ஒட்டாததுதான் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்தாள், மாமியார் மத்தியானம் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் தோளைத் தொட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "குடுத்துட்டேன்க்கா. புள்ள தங்குமா?"

என் தொழிலில் ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதக்கூடாது. எட்டு மாத ஆவி அவள் ரத்தத்தில் எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு போயிருக்கிறது, இனி என்ன ஆகும், எனக்கு ஒன்றும் தெரியாது.

"தங்கும்" என்றேன்.

மறுநாளே வேலூருக்கு அழைத்துப்போய் ரத்தப் பரிசோதனை செய்தோம். பாதரசம் இருக்க வேண்டியதைவிட அதிகம்தான். டாக்டர் அம்மா திட்டினார், என்னைத்தான். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது பாதியாகக் குறைந்திருந்தது. அந்த அறையின் கதவையும் பழைய பித்தளைத் தட்டையும் வல்லரசு அப்புறப்படுத்தினான், சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்தான். காசி வேலூரில் வைத்தியம் பார்க்கிறார். இப்போது ருத்ராட்சம் மட்டும் விற்கிறார். குப்பியை நான் ஒளித்து வைக்கவில்லை. நடந்ததை எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். மெமோ வந்தது, பதில் எழுதினேன். இந்த முறை ஒரு வண்டி வந்து அதை எடுத்துப் போனது. ரசீதில் 'இரும்புக் குப்பி ஒன்று' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே என் தங்கையின் கல்யாண மோதிரம் இருந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

தை கடைசியில் பெண் பிறந்தாள். இனியா என்று பெயர்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த ஞாயிறு போயிருந்தேன். பாதையெல்லாம் கூட்டம் விட்டுப்போன காகிதத் தட்டுகள். வல்லரசு கூட்டிக்கொண்டிருந்தான். எல்லம்மாள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை ஜாஸ்தியாக. இனியா தவழ்ந்து வந்து என் மடியில் ஏறி, மூக்குக் கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்தேன். அவள் இன்னும் நீட்டினாள். அந்தப் பிஞ்சுக் கையை, ஐந்து விரலையும், நுனிவரை பார்த்தேன். நடுங்கவில்லை. கண்ணாடியை இடதுபக்கம் காட்டினேன். கை அங்கேயும் நேராக வந்தது.

தலையைத் தூக்கினால் கவிநிலா வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஒவ்வொரு வாட்டியும் இதையே பண்ற" என்றாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"அன்னைக்குத் தங்கும்னு சொன்னியே. தெரிஞ்சா சொன்ன?"

"இல்ல."

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மோதிரம் இல்லாத விரலால் குழந்தையின் எச்சிலைத் துடைத்தாள்.

"எனக்கும் அது அப்பவே தெரியும்" என்றாள். "இன்னும் எத்தினி நாளைக்குப் பாப்ப?"

"பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

"சரி, பாரு" என்று குழந்தையின் கையைப் பிடித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.